போகுமுன் எழுதிவைக்க வேண்டிய பக்கம்: இராமநாதபுரம் கடற்கரையில் ஆள் கடத்தலைத் தடுக்கச் சாதாரண மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதிக் கொடுப்பவர்களில் நானும் ஒருவன். பட்டா மாறுதல், முதியோர் ஓய்வூதியம், குடிநீர் இணைப்பு என்று வரும் மனுக்களுக்கு நடுவே, ஆண்டுக்குச் சில முறை, ஒரு கைப்பேசியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு தாயோ மனைவியோ எதிரில் வந்து உட்காருவார். மகன் வெளிநாடு போய் நான்கு மாதம் ஆகிறது, இரண்டு மாதமாகப் பேச்சே இல்லை என்பார். எந்த ஊர் என்று கேட்டால் தெரியாது. கம்பெனியின் பெயர் தெரியாது. பாஸ்போர்ட்டின் நகல் வீட்டில் இல்லை. அனுப்பி வைத்தவர் யார் என்று கேட்டால் மட்டும் உடனே பதில் வரும்: "நம்ம ஊரு மருமகன்தாங்க, தெரிஞ்ச பிள்ளைதான்."

அந்த மனுவை எழுதத் தேவைப்படும் ஒவ்வொரு விவரமும், மகன் புறப்படுவதற்கு முந்திய நாள் இரவு அதே வீட்டில், அவனுடைய பைக்குள்ளேயே இருந்திருக்கும் என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆள் கடத்தலை ஒழிப்பது காவல்துறையின் வேலை, அரசின் வேலை என்று நாம் நினைக்கிறோம், அது சரியே. ஆனால் காவல்துறையும் தூதரகமும் எந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்குமோ, அந்தத் தாளை அவர்களால் எழுத முடியாது. அதை வீட்டார்தான், அண்டை வீட்டார்தான் எழுத முடியும். இந்த வழிகாட்டி அந்தத் தாளிலிருந்து தொடங்கி, அதற்கு அப்பால் நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியவற்றை வரிசையாகச் சொல்கிறது.

எது ஆள் கடத்தல் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுதல்

ஆள் கடத்தல் என்றதும் வாயில் துணி அடைத்து வேனில் தூக்கிப்போட்டுப் போவதையே பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவின்படி, ஒருவரைச் சுரண்டும் நோக்கத்தோடு, மிரட்டியோ, ஏமாற்றியோ, ஆசை காட்டியோ, அதிகாரத்தைப் பயன்படுத்தியோ வேலைக்குச் சேர்ப்பதும், கூட்டிச் செல்வதும், தங்கவைப்பதும், கைமாற்றி விடுவதும், பெற்றுக்கொள்வதும் ஆள் கடத்தலே. பாதிக்கப்பட்டவர் தொடக்கத்தில் சம்மதித்துத்தானே போனார் என்ற வாதம் அங்கே எடுபடாது. அவருடைய சம்மதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று அந்தப் பிரிவே கூறுகிறது. தண்டனை ஏழு ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. பாதிக்கப்பட்டவர் குழந்தையானால் பத்து ஆண்டுகளுக்குக் குறையாத சிறை.

இதனோடு பின்னிப் பிணைந்தது கொத்தடிமை முறை. முன்பணம் கொடுத்து, அந்தக் கடன் தீரும்வரை வேறு இடத்துக்குப் போகவிடாமல் வேலை வாங்குவதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது. அந்தச் சட்டம் கடனையே இரத்துச் செய்துவிட்டது என்பது நம் ஊர்களில் பலருக்கு இன்னும் தெரியாது. "வாங்கின காசைக் கொடுத்துட்டுத்தானே வரணும்" என்று கொத்தடிமையாய் இருப்பவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவ்வாறு சொல்பவர்களிடம், அந்தக் காசு சட்டத்தின் பார்வையில் கடனே இல்லை என்றும், அதைத் திரும்ப வாங்குபவருக்குத்தான் தண்டனை உண்டு என்றும் எடுத்துச் சொல்வது, நாம் செய்யக்கூடிய முதல் உதவிகளில் ஒன்று.

மூன்றாவதாக ஒரு வேறுபாட்டையும் இந்தக் கரையில் வாழ்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். பணம் கொடுத்துப் படகில் ஏறி எல்லை தாண்டுவது வேறு. சுரண்டுவதற்காக ஒருவரைக் கொண்டுபோவது வேறு. 2022 மார்ச் முதல், இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பித் தனுஷ்கோடிக் கரையிலும் அதற்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளிலும் கைக்குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்டவர்கள் முதல் வகையைச் சேர்ந்தவர்கள். ஆயினும், உள்ளதையெல்லாம் விற்றுப் படகுக்கூலி கொடுத்துவிட்டு வந்து நிற்கும் குடும்பத்தை, வேலை தருகிறேன் என்று சொல்லி அழைத்துச் செல்பவன் எளிதில் இரண்டாம் வகைக்குத் தள்ளிவிடுவான்.

எந்த மாதங்களில் விழிப்பாக இருக்க வேண்டும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. அந்த இரண்டு மாதங்களிலேயே பள்ளித் தேர்வு முடிவுகள் வருகின்றன, பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது, சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், வாங்கிய முன்பணம் நெருக்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும் புயல் எச்சரிக்கையும் வந்து பாசி எடுக்கும் பெண்களையும் நாட்டுப்படகுக்காரர்களையும் கரையில் உட்கார வைக்கின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் திருவாடானை, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கத்து மானாவாரி நிலங்களும் சேர்ந்துகொள்கின்றன. தரகர்கள் இந்த நாள்காட்டியை நம்மைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். பத்தாயிரம், இருபதாயிரம் முன்பணம் என்பது அந்த வாரங்களில் கேட்பவர் காதில் வேறு விதமாக ஒலிக்கும். எனவே உங்கள் தெருவில் யாருக்கு எப்போது முடை வரும் என்பதை அறிந்த நீங்கள், அந்த வாரங்களில் புதிதாக வந்து போகும் முகத்தையும், திடீரென்று தாராளமாகப் பணம் கொடுக்கும் பழைய முகத்தையும் கவனிக்க வேண்டும்.

முதல் படி: ஒரு பக்கத்தை எழுதி வீட்டில் வைத்தல்

உங்கள் வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ யார் வேலைக்கு வெளியூர் போனாலும், அது திருப்பூராக இருந்தாலும் சவூதியின் தம்மாமாக இருந்தாலும், ஒரு நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். பாஸ்போர்ட் எண், விசா எண், விசாவின் வகை, விமானச் சீட்டின் எண், போகும் நிறுவனத்தின் முழுப் பெயரும் முகவரியும், அழைத்துச் செல்பவரின் பெயர், ஊர், தகப்பனார் பெயர், கைப்பேசி எண்கள், கொடுத்த பணம், கொடுத்த நாள், எந்த வழியில் கொடுக்கப்பட்டது, உடன் போகும் மற்றவர்களின் பெயர்களும் அவர்கள் வீட்டு எண்களும் அதில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும், விசாவையும், வேலை ஒப்பந்தத்தையும் படமெடுத்து, வீட்டில் இரண்டு பேருடைய கைப்பேசிகளில் வைப்பதோடு, ஒரு நகலைத் தாளில் எடுத்து அரிசிப் பானைக்கு மேலே தொங்கும் பையிலாவது போட்டுவையுங்கள். கைப்பேசி கடலில் விழும். தாள் வீட்டில் கிடக்கும்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது என்று எவ்வளவு சொன்னாலும், தெரிந்தவரிடம் இரசீது கேட்பது அவரை நம்பாததற்கு அடையாளம் என்று நம் மக்கள் கூச்சப்படுகிறார்கள். வங்கிக் கணக்கு வழியாகவோ கைப்பேசிச் செயலி வழியாகவோ அனுப்பினால் கேட்காமலேயே சான்று கிடைத்துவிடும், மனத்தாங்கலும் வராது. நேர்மையான தரகர் அதை மறுக்கமாட்டார். ரொக்கமாகத்தான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், அந்தப் பிடிவாதத்தையே விடையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. போகிறவரோடு ஒரு குறிச்சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆள் நிற்கும்போது "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில், வீட்டில் இல்லாத ஓர் ஆட்டைப் பற்றியோ, எப்போதோ இறந்துபோன பாட்டியின் உடல்நிலையைப் பற்றியோ அவர் விசாரித்தால் ஆபத்தில் இருக்கிறார் என்று பொருள் என முன்கூட்டியே முடிவு செய்துவிடலாம். வாரத்தில் எந்த நாள் பேச வேண்டும், எத்தனை நாள் பேச்சில்லாவிட்டால் புகார் கொடுப்பது என்பதையும் அந்தப் பக்கத்தின் அடியில் எழுதிவிடுங்கள். பத்து நாள் என்று எழுதியிருந்தால், பதினோராவது நாள் யாரும் தயங்கமாட்டார்கள்.

இரண்டாம் படி: வெளிநாட்டு வேலையைச் சரிபார்த்தல்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் சபுராளி, அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர், இல்லாத தெரு இல்லை. கடல் கடந்து உழைத்துக் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் அவர்கள். அதனாலேயே வெளிநாட்டு வேலை என்ற சொல்லுக்கு இங்கே இருக்கும் மரியாதையை ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவருடைய பெயரும் உரிமமும் இமைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் இருக்கின்றனவா என்று, கைப்பேசி பார்க்கத் தெரிந்த கல்லூரி மாணவர் எவரும் சில நிமிடங்களில் சரிபார்த்துச் சொல்லிவிடலாம். துணை முகவர் என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் வருபவரை அந்தச் சட்டம் ஏற்பதில்லை. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டி வரியும் மட்டுமே. ஒன்றரை இலட்சம், இரண்டு இலட்சம் என்று கேட்கப்படும்போது, எந்தக் கணக்கில் இது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர்கள் குடியேற்றப் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதியைப் பெற வேண்டும். அந்த அனுமதியோடு போனால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு உண்டு. விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும். "டூரிஸ்ட் விசாவுல போயிடலாம், அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொல்பவர், இந்தப் பாதுகாப்பு அனைத்தையும் ஒரே சொல்லில் பறித்துவிடுகிறார். அவ்வாறு போனவர் அங்கே வேலை செய்வதே குற்றமாகிவிடுவதால், சம்பளம் தராத முதலாளியைப் பற்றிப் புகார் கொடுக்கவும் அஞ்சுவார். "ஃப்ரீ விசா" என்ற பெயரில் விற்கப்படுவதும் இத்தகையதே. தாளில் கபில் என்ற விசாப் பொறுப்பாளர் ஒருவர், வேலை வேறோர் இடத்தில். பிரச்சினை வந்ததும் அந்தக் கபில், தொழிலாளி ஓடிப்போனதாக ஹுரூப் என்ற புகாரைப் பதிந்துவிட்டால், ஊர் திரும்பவும் வழியில்லாமல் போகும்.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் நிலை இன்னும் கவனம் வேண்டுவது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்களுக்கு 30 வயது நிறையாமல் வீட்டு வேலைக்கு அந்த நாடுகளுக்குச் செல்ல அனுமதி இல்லை. அவர்களை அனுப்பும் பொறுப்பும் அரசு சார்ந்த நிறுவனங்களிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 1978-இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றுள் ஒன்று. வயதைக் கூட்டிப் பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்று ஒரு தரகர் சொல்வாராயின், அந்தப் பெண் சிக்கிக்கொள்ளும்போது தப்பிக்கும் கதவையும் அவர் அப்போதே பூட்டிவிடுகிறார்.

வளைகுடாவில் மீன்பிடி வேலைக்குப் போகும் நம் கடலோடிகள், படகில் வழிகாட்டும் கருவி யார் கையில் இருக்கும், எல்லை தாண்டிப் பிடிபட்டால் வழக்கை யார் நடத்துவார் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். முதலாளி சொன்ன திசையில் வலை போட்டுவிட்டு, எல்லை தாண்டிய குற்றத்துக்காக வேற்றுநாட்டுச் சிறையில் கிடந்த தமிழக மீனவர்களின் செய்திகள் நமக்குப் புதியவை அல்ல.

படித்த பிள்ளைகளுக்கு வேறு வலை. 2022-ஆம் ஆண்டில், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர், மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணையவழி மோசடி செய்யும்படி அடித்து வதைக்கப்பட்டது வெளிவந்தது. கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே முறை நடக்கிறது. வாட்ஸப்பிலோ டெலிகிராமிலோ மட்டும் நேர்காணல், தட்டச்சு வேகத்துக்கு ஒரு தேர்வு, அனுபவமே கேட்காமல் பெரிய சம்பளம், கையில் சுற்றுலா விசா, விமானச் சீட்டு அவர்கள் செலவில்: இவை ஒன்றுசேர்ந்து வந்தால் அந்தப் பிள்ளையை விமானம் ஏற விடாதீர்கள். பொறியியல் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறான் என்று உறவினர்கள் குத்திக்காட்டும் பேச்சுக்கும் இந்தப் பயணத்தில் பங்கு உண்டு என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

மூன்றாம் படி: உள்நாட்டுக்குள்ளேயே போகிறவர்களைக் கவனித்தல்

வெளிநாட்டுக் கதைகள் செய்தித்தாளில் வருகின்றன. ஆடு மேய்க்கக் கிடைக்கு, அதாவது ஆட்டு மந்தை தங்கும் இடத்துக்கு, அனுப்பப்பட்ட சிறுவன், வடமாநில முறுக்குக் கம்பெனிக்குப் போன சிறுவன், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர்கள், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் இடத்தில் தங்கவைக்கப்பட்டவர்கள் ஆகியோரின் கதைகள் அந்த அளவுக்கு வருவதில்லை. பஞ்சாலைகளில் மூன்றாண்டு வேலை செய்தால் திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று இளம்பெண்களை அழைத்துச் சென்ற சுமங்கலித் திட்டமும் தமிழ்நாடு நன்கு அறிந்ததே. விடுதியை விட்டு வெளியே விடாமை, கைப்பேசியைப் பிடுங்கி வைத்தல், மூன்றாண்டு முடியும் முன் ஏதேனும் குற்றம் சொல்லி வெளியேற்றித் தொகையைக் கொடுக்காமை ஆகியவை அதில் எழுந்த புகார்கள்.

இங்கே நம்மால் மிக எளிதாகச் செய்யக்கூடியது பள்ளி வருகையைப் பார்ப்பது. கோடை விடுமுறைக்குப் பிறகு ஒரு மாணவர் பத்து நாள் வரவில்லையென்றால் ஆசிரியர்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும், பக்கத்து வீட்டுப் பெற்றோரும் விசாரிக்க வேண்டும். "மாமா வீட்டுல இருந்து படிக்கிறான்" என்ற பதில் கிடைத்தால், எந்த ஊர், எந்தப் பள்ளி என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். 14 வயது நிறையாத குழந்தையை வேலைக்கு வைப்பது குற்றம்; 14 முதல் 18 வயதுக்கு உட்பட்டோரை அபாயகரமான தொழில்களில் அமர்த்துவதும் குற்றம். பெற்றோரைத் திட்டுவதால் பயனில்லை. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்பதை அவர்களுக்கு விளக்கி, பிள்ளையை அழைத்துவர ஆதரவாக நிற்பதுதான் பயன் தரும்.

அதேபோல, நம் கரைக்கு வேலைக்கு வந்திருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் நம் கவனத்துக்கு உரியவர்களே. இறால் பண்ணையிலோ உப்பளத்திலோ கட்டட வேலையிலோ இருப்பவர்கள் கடைத்தெருவுக்குக் கூட ஒருவரின் காவலோடுதான் வருகிறார்களா, சம்பளத்தைத் தங்கள் கையில் வாங்குகிறார்களா, ஆதார் அட்டை அவர்களிடமே இருக்கிறதா என்பவை மளிகைக் கடைக்காரருக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் சில வாரங்களில் புலப்பட்டுவிடும். குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்திருக்கிறது. சங்கிலியும் பூட்டும் இருந்தால்தான் அடிமைத்தனம் என்று காத்திருக்க வேண்டாம்.

நான்காம் படி: வழியிலும் கரையிலும் கண்ணில் படுபவை

இராமேசுவரத்திலிருந்து புறப்படும் இரயில்களிலும், இராமநாதபுரம், பரமக்குடிப் பேருந்து நிலையங்களிலும், அக்னி தீர்த்தத்தைச் சுற்றிய தெருக்களிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் கடந்துபோகிறார்கள். ஒரு பெரியவரோடு வரும் குழந்தைகள் அவருடைய பெயரைக் கூடச் சொல்லத் தெரியாமல் விழிப்பது, கேட்ட கேள்விக்குக் குழந்தையை முந்திக்கொண்டு அவரே பதில் சொல்வது, ஒரே வயதுச் சிறுவர்கள் ஆறேழு பேர் பள்ளி நாளில் ஒருவரோடு நெடுந்தூரம் பயணிப்பது, கைக்குழந்தை எப்போது பார்த்தாலும் மயக்கத்திலேயே இருக்கும் நிலையில் அதை வைத்துப் பிச்சை எடுப்பது ஆகியவை கேட்க வேண்டிய கேள்விகளை எழுப்புபவை. இவற்றுள் ஏதேனும் ஒன்று மட்டும் இருந்தால் அது குற்றத்துக்குச் சான்றாகிவிடாது. ஏழையாகவும் கறுப்பாகவும் இருக்கும் தகப்பன், சிவப்பான தன் குழந்தையோடு போகும்போது கூட்டம் கூடிப் பிள்ளை பிடிப்பவன் என்று அடித்த கொடுமைகளும் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. ஆகவே ஐயம் எழுந்தால் தொலைபேசியில் சொல்லுங்கள். கையை ஓங்காதீர்கள், காணொளி எடுத்துப் பரப்பாதீர்கள். இரயிலில் 139, குழந்தையென்றால் எங்கும் 1098.

கடலுக்குப் போகிறவர்கள் மணல் திட்டில் ஆட்கள் நிற்பதைக் கண்டால், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்கோ கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். படகில் இருக்கும் குடிநீரைக் கொடுத்துவிட்டு வருவதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

ஐந்தாம் படி: புகார் சொல்லும் முறை

குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112, இணையவழிப் பண மோசடிக்கு 1930, இலவசச் சட்ட உதவிக்கு 15100. இந்த எண்களை ரேஷன் கடைச் சுவரிலும், மீன் ஏலக்கூடத்திலும் பெயின்ட்டில் எழுதிவைக்க ஒரு நாள் வேலையும் சிறு செலவும் போதும்.

அழைக்கும்போது ஐயத்தைச் சொல்வதைவிடக் கண்டதைச் சொல்லுங்கள். "அங்க ஏதோ தப்பு நடக்குது" என்றால் அலுவலரால் எதுவும் செய்ய இயலாது. "இன்ன ஊருக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில், மூன்று வாரமாகப் பத்துப் பேர் இருக்கிறார்கள், இரண்டு பேர் சிறுவர்கள், இரவில் கதவு வெளியிலிருந்து பூட்டப்படுகிறது, வெள்ளிக்கிழமை இன்ன நிற வண்டி வரும்" என்றால் அவர் கிளம்பி வருவார். வண்டியின் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல விரும்பாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை.

கொத்தடிமை நிலையென்றால் வருவாய்க் கோட்டாட்சியருக்கே எழுதலாம். நம் மாவட்டத்தில் இராமநாதபுரம், பரமக்குடி ஆகிய இரண்டு கோட்டங்கள் உள்ளன. மீட்கவும், விசாரிக்கவும், விடுதலைச் சான்று வழங்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அது கொத்தடிமைக் கடன் அன்று என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது; தொழிலாளியுடையது அன்று. பதினெட்டு வயது நிறையாதவர் பாலியல் கொடுமைக்கு உள்ளானது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றமாகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நீங்களே உள்ளே புகுந்து மீட்க முயலாதீர்கள். தரகரிடம் போய்ச் சண்டை போட்டால், அன்று இரவே ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார். பிறகு அதிகாரிகள் வரும்போது பூட்டிய கொட்டகை மட்டுமே இருக்கும்.

ஆறாம் படி: பேச்சு நின்றுபோனால்

வெளிநாடு போனவரிடமிருந்து குறித்த நாள்களுக்குள் அழைப்பு வராவிட்டால், அந்த நோட்டுப் பக்கத்தோடு நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள். "இது எங்க எல்லையில் வராது" என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. எந்த எல்லையில் நடந்த குற்றமாயினும் தகவலைப் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு கூறுகிறது. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். காணாமற்போனது குழந்தையென்றால், கடத்தப்பட்டதாகவே கருதி வழக்குப் பதிய வேண்டும் என்றும், நான்கு மாதங்களில் கண்டுபிடிக்க இயலாவிட்டால் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு வழக்கை மாற்ற வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது. "ரெண்டு நாள் பாருங்க, வந்துருவான்" என்ற சொல்லை ஏற்று வீடு திரும்பாதீர்கள்.

அதோடு, வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகார் பதியுங்கள். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு உதவும் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரத்தின் 1800 11 3090 என்ற இலவச எண்ணையும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையின் 1800 309 3793 எண்ணையும் அழையுங்கள். மனுவின் முதல் பத்தியில் பாஸ்போர்ட் எண், நாடு, ஊர், கடைசியாகப் பேசிய நாள், பேசிய எண் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். குடும்பத்தின் வறுமையை இரண்டு பக்கத்துக்கு எழுதி, பாஸ்போர்ட் எண்ணைக் கடைசியில் எழுதிய மனுக்களைப் பார்த்திருக்கிறேன்; தொடக்கத்தில் நானும் அப்படி எழுதியவன்தான். அந்த ஐந்து விவரங்களும் முதலில் இருந்தால், படிக்கும் அலுவலர் அங்கிருந்தே தொலைபேசியை எடுப்பார். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்திருந்தால் அதையும் தனி வரியில் எழுதுங்கள். 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை. அதைப் பிறர் பிடித்துவைக்க உரிமையில்லை. திரும்பி வரச் சீட்டுக்குப் பணமில்லாதவர்களுக்குத் தூதரகங்களின் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்கலாம்.

ஏழாம் படி: திரும்பி வந்த பின்

மீட்கப்பட்டுத் திரும்பியவர் ஊருக்குள் நுழையும் முதல் மாதம், அவர் மீண்டும் அதே வலையில் விழுவாரா என்பதை முடிவு செய்கிறது. கடன்காரர் வாசலில் நிற்பார். "போன காசு என்னாச்சு" என்று உறவினர் கேட்பார். பெண்ணாக இருந்தால், கேட்கக் கூடாததையெல்லாம் கேட்பார்கள். அவர் சொல்லாத எதையும் கேட்காமல், சாப்பாட்டுக்கும் உடனடி வேலைக்கும் வழி செய்து கொடுப்பதே அண்டை வீட்டார் செய்யக்கூடிய பேருதவி. மோசடிக் கூடத்திலிருந்து தப்பி வந்த பையனைத் திருடன் என்று அழைக்காதீர்கள். அடிக்குப் பயந்து செய்ததற்கு அவன் பொறுப்பாளி அல்லன்.

மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளிக்கு 30,000 ரூபாய் வரை உடனடி உதவி உண்டு. அதற்கு மேல், வழக்கின் முடிவைப் பொறுத்து, ஆண்களுக்கு 1 இலட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 இலட்சம், கொடிய சுரண்டலுக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் உள்ளானவர்களுக்கு 3 இலட்சம் என்று மறுவாழ்வுத் தொகை வகுக்கப்பட்டிருக்கிறது. விடுதலைச் சான்று கையில் இல்லாவிட்டால் இவற்றைப் பெறுவது கடினம். எனவே அதைக் கேட்டு வாங்குவதற்கும், வங்கிக் கணக்குத் தொடங்குவதற்கும், வழக்கு நாளன்று நீதிமன்றத்துக்கு உடன் செல்வதற்கும் ஊரில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தனியாகப் போய், தரகரின் ஆட்கள் நிற்கும் நீதிமன்ற வளாகத்தில் ஒரு பெண் சாட்சி சொல்வாள் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ படத்தையோ பள்ளியின் பெயரையோ வெளியிடுவது சட்டப்படி குற்றம். நல்லெண்ணத்தோடு வாட்ஸப்பில் பகிர்ந்தாலும் குற்றமே.

எட்டாம் படி: ஊராகச் செய்ய வேண்டியவை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. மே 1 தடைக்காலத்தின் நடுவில் வருவதால், கடலோர ஊராட்சிகளுக்கு அதுவே ஏற்ற நாள். ஆண்களும் கரையில் இருப்பார்கள். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு உங்கள் ஊராட்சியில் கடைசியாக எப்போது கூடியது என்று அந்தச் சபையில் கேளுங்கள். வெளியூர் வேலைக்கு ஆள் எடுக்க வருபவர் தம் பெயரையும் உரிமத்தையும் ஊராட்சி அலுவலகத்தில் பதிந்த பிறகே வீடுகளுக்குச் செல்ல வேண்டும் என்று ஒரு தீர்மானம் முன்மொழியுங்கள். ஜமாஅத்திலும், பங்குப் பேரவையிலும், ஊர்க் கூட்டத்திலும், மீனவர் சங்கத்திலும் இதே கோரிக்கையை வைக்கலாம்.

ஊரிலிருந்து போனவர்கள் அனைவரின் பக்கங்களையும் சேர்த்த நோட்டை யாரிடம் வைப்பது என்ற கேள்வி அப்போது எழும். சில ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டு எழுதும் பெண்ணிடமே இதையும் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு வாரமும் குழு கூடும்போது அவர் அந்தப் பக்கங்களைப் புரட்டி, யாரிடமிருந்து இந்த வாரம் அழைப்பு வந்தது என்று பெயர் பெயராகக் கேட்டு, தேதியிட்டு ஒரு கோடு போட்டுவிடுவார். கோடு விழாத பெயர் எது என்பது அந்த அறையில் இருக்கும் அனைவருக்கும் தெரிந்துவிடும்.